னகரத்துக்கு அப்புறம்

மேடம் இன்னும் வாய் திறக்கவில்லை. மவுஸை உருட்டுகிறார், என் வரிகள் திரையில் மேலே ஏறிப் போகின்றன, நிறுத்துகிறார், ஏதோ ஓரிடத்தில் கண்ணைச் சுருக்குகிறார், மறுபடி உருட்டுகிறார். அவர் விரல் நிற்கும்போதெல்லாம் எனக்கு மூச்சும் நின்றுவிடுகிறது, நகர்ந்தால் திரும்பி வருகிறது. நல்ல வேளை, அந்த இடத்தைத் தாண்டிவிட்டார், அது நான் அடித்து அடித்து எழுதிய இடம், எனக்கே அங்கே வழி தெரியாது. இதோ மறுபடி நிற்கிறார். எனக்கு முன்னால் உள்ளே போன, என்னோடு படிக்கிற அபிநயா போன வேகத்திலேயே வெளியே வந்தது. என்ன கேட்டாங்க கண்ணு என்றேன். “ஒண்ணுமே கேக்கலீங்க அங்கிள், லைப்ரரி போட்டிருந்தேன், ஓடுச்சு, சரி போங்கன்னுட்டாங்க” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டது. அதற்கு ஒரு வரி. எனக்கு உருட்ட உருட்ட வந்துகொண்டே இருக்கிறது. ஏசி காற்று நேராகப் பின் கழுத்தில் அடிக்கிறது, அப்படியும் சட்டைக் காலருக்குள் வேர்வை. காலை ஆட்டாதே நல்லசிவம், மேசை ஆடுகிறது, மேடம் பார்ப்பார். ஆட்டவில்லை. கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, தொடையில் வைத்தேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருந்தது, எடுத்து மேசையில் வைத்தேன், கடன் கேட்க வந்தவன் மாதிரி இருந்தது, மறுபடி தொடைக்கே கொண்டுவந்துவிட்டேன்.

இவர்தான் வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனியிலிருந்து வந்திருக்கிறவர். வாசல் பலகையில் பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள், ஹசீனா என்று. முப்பது வயது இருக்குமா, இருந்தால் அதிகம். நாற்பத்தாறு வயதில் நான் இவர் முன்னால் உட்கார்ந்திருப்பதில் எனக்கு வெட்கமில்லை, வெட்கமெல்லாம் முதல் மாசமே இந்தக் கம்ப்யூட்டர் வகுப்பில் கரைந்துபோய்விட்டது, அங்கிள் அங்கிள் என்று கூப்பிட்டே கரைத்துவிட்டார்கள். பயம்தான் இருக்கிறது. இன்றைக்கு இவர் சரி என்றால் வேலை. இல்லையென்றால் மச்சான் பொன்னுச்சாமியின் சிமென்ட் கடைக் கல்லா. மச்சான் நல்லவர்தான், என் மனைவி பூங்கோதைக்கு அண்ணன், என்மேல் பிரியம் உள்ளவர், அதுதான் கஷ்டமே. “மாப்ள, இந்த வயசுல என்னத்துக்குங்க கம்ப்யூட்டரைக் கட்டி அழுவறீங்க, வந்து கடையில உக்காருங்க, நம்ம கடைதானுங்க” என்பார். அந்த ‘நம்ம’வில்தான் சிக்கலே. உட்கார்ந்தால் அப்புறம் எழுந்திருக்க முடியாது. பொங்கலுக்குப் பொங்கல் எல்லோர் முன்னாலும், மாப்ளைக்கு நாமதான் ஒரு வழி பண்ணி வெச்சமுங்க என்று சொல்வார், சொல்வதில் தப்பும் இருக்காது. நான் சிரித்துக்கொண்டு வடையைக் கடிக்க வேண்டும். மேடம் உருட்டுகிறார். உருட்டட்டும்.

கொடுத்த வேலை என்னவோ சின்னதுதான். ஒரு நூலகத்துக்குப் புத்தகம் எழுதியவர்கள் பெயர்களை அகர வரிசையில் அடுக்க வேண்டும், தமிழில். சொல்லிக்கொடுக்கிற திலீபன் சார் மாதிரிக்குப் பத்துப் பெயர் கொடுத்தார், தேர்வன்றைக்கு வேறு பெயர்கள் போட்டுப் பார்ப்பார்கள் என்றார். எல்லோரையும்போல நானும் கணினியில் தயாராக இருக்கிற அடுக்கும் கட்டளையைப் போட்டேன், என்டரைத் தட்டினேன். அன்பரசு முதலில் வந்தான், பின்னால் அழகம்மை, அதற்கும் பின்னால் அவிநாசியப்பன். கண்ணில் ஏதோ தூசி விழுந்தமாதிரி இருந்தது. என்ன தப்பு என்று உடனே தெரியவில்லை, ஆனால் தப்பு. மெதுவாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன், க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன. வ முதலில், அப்புறம் ழ, ன கடைசி. அவிநாசியப்பன் முதலில் வர வேண்டும், அன்பரசு கடைசியில். அப்படியே தலைகீழாகக் கொடுத்திருக்கிறது. பக்கத்தில் இருந்தவர்களிடம் காட்டினேன், “எல்லாமே ‘அ’லதானுங்களே இருக்குது, விடுங்க அங்கிள்” என்றார்கள். விட முடியவில்லை. பல்லில் மாட்டிய நார் மாதிரி நாக்கு அங்கேயேதான் போகிறது. தோண்டத் தோண்டத்தான் தெரிந்தது, அதற்கு எழுத்தென்றால் நமக்கு இருக்கிறமாதிரி எழுத்தில்லை. கோ என்று நாம் ஒன்றாகப் படிப்பதை அது க தனி, கொம்பும் காலும் தனி என்று வைத்திருக்கிறது. ல் என்றால் ல தனி, புள்ளி தனி. புள்ளியைக் கொண்டுபோய் எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்திருப்பதால் கல்யாணிக்கு முன்னால் கலையரசன் வந்து நிற்கிறான். ன-வைக் கொண்டுபோய் ந-வுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள், இரண்டும் ஒரே சத்தம்தானே என்று யாரோ நினைத்திருக்கிறார்கள் போல.

திலீபன் சாரிடம் போனேன். அவர் பார்த்துவிட்டு, அட, ஆமாங்கண்ணா என்று சிரித்தார். “அதுக்குத் தயாராவே லைப்ரரி இருக்குதுங்கண்ணா. தமிழ்னு சொல்லிப்போட்டா அதுவே சரியா அடுக்கிக் குடுத்துரும். அரைச்ச மாவையே எதுக்கு அரைக்கறீங்க?” என்றார். போட்டேன். சொன்னபடியே சரியாக அடுக்கியது, அவிநாசியப்பன் முன்னால், அன்பரசு பின்னால். அத்தோடு எழுந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். நான் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்படிச் சரியாக வந்தது? தெரியாது. நாளைக்குத் தப்பாக வந்தால் எங்கே பார்ப்பது? தெரியாது. இந்தத் தெரியாது எனக்குப் புதிதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி ஸ்டோரில் இருபது வருஷம் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தேன், எங்கே அமுக்கினால் என்ன வரும் என்று என்னைக் கேட்டுத்தான் ஆபீஸே நடக்கும், அப்படி ஒரு கித்தாப்பு எனக்கு. ஒரு நாள் பழைய சாஃப்ட்வேரைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்று போட்டார்கள். அன்றைக்குத்தான் தெரிந்தது, எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கே அமுக்குவது என்பது மட்டும்தான் என்று. அமுக்குகிற இடம் மாறிவிட்டது, என்னையும் போகச் சொல்லிவிட்டார்கள். கோபம் வந்தது, முதலாளிமேல் இல்லை, என்மேல்தான். அதனால் இந்த ஒரு வரியைப் பார்த்ததும் அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. அழித்துவிட்டு நானே எழுத உட்கார்ந்தேன்.

வீட்டில் சொன்னால் பூங்கோதை தோசைக் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். லைப்ரரி வேண்டாமென்று முடிவு பண்ணிவிட்டேன் என்றேன். “ஏனுங்க, அங்க போயும் சத்தமாப் பேசிப்போட்டீங்களா?” என்றாள். அந்த லைப்ரரி இல்லை, இது யாரோ எழுதி வைத்த கோடிங், நாம் கூப்பிட்டால் வந்து வேலை செய்துவிட்டுப் போகும் என்றேன். “கூப்பிட்டா வந்து வேலை செஞ்சு குடுக்கறவங்கள வேண்டாங்கறீங்க. எனக்கு அப்படி ஒருத்தர் இருந்தா நான் விடமாட்டனுங்க” என்று சொல்லிக்கொண்டே தோசையைத் திருப்பினாள். கடை மாவுத் தோசை. ரெண்டு பேருக்கு எதுக்கு கிரைண்டர் போடுவது என்று அவள் அரைப்பதை நிறுத்தி எத்தனையோ நாளாகிவிட்டது, ருசியில் ஒரு குறையும் இல்லை, நானே ஐந்து தின்றேன். தின்றுகொண்டே யோசித்தேன், இவள் கடை மாவை வாங்கினாலும் மூடியைத் திறந்து ஒரு மோப்பம் பிடித்து, இது நேத்து மாவு, இதுல உளுந்து பத்தாது என்று சொல்லிவிடுகிறாள். அரைத்துப் பழகியவளுக்கு அது தெரிகிறது. நான் வாங்கினால் எல்லா மாவும் வெள்ளை மாவுதான். இதைச் சொல்லலாமா மேடம் கேட்டால்? லைப்ரரி ஏன் போடலீங்க என்று கண்டிப்பாகக் கேட்பார், அதற்குத்தான் இத்தனை நேரம் நடுங்கிக்கொண்டிருக்கிறேன். மாவுக் கதை சொன்னால் சிரிப்பார்கள். இல்லை, வேறு மாதிரி நினைப்பார்கள், இந்த ஆள் ஒரு வரி வேலைக்கு ஒரு மாசம் எடுப்பான், இவனை வைத்து என்ன பண்ணுவது என்று. அதுவும் நியாயம்தானே. கம்பெனிக்கு வேலை முடிய வேண்டும், எனக்கு ஞானம் வர வேண்டுமென்றா சம்பளம் கொடுப்பார்கள்? சிமென்ட் மூட்டை வாசனை மூக்கில் வந்துவிட்டது. சும்மா இரு. உருட்டுவதை நிறுத்திவிட்டார்.

“பேரெல்லாம் தமிழ்லயே வெச்சிருக்கீங்களே” என்கிறார் மேடம். ஐயோ, அதைப் பார்த்துவிட்டாரா. ஆமாங்க என்கிறேன். நிரலுக்குள் வரும் பெயர்களை எல்லோரும் இங்கிலீஷில் வைப்பார்கள், எனக்கு அது மண்டையில் நிற்காமல் தமிழிலேயே வைத்துக்கொண்டேன், வரிசை, பிரித்தெடு, புள்ளிமுதல், குப்பை. குப்பை என்பது வேண்டாததைப் போடுகிற இடம். பெயர்களை எங்கிருந்தாவது எடுத்து ஒட்டினால் கூடவே கோடும் நம்பரும் இங்கிலீஷ் எழுத்தும் ஒட்டிக்கொண்டு வந்து என் அடுக்கைக் கெடுத்தன, அதனால் என் எழுத்துப் பட்டியலில் இல்லாத எது வந்தாலும் குப்பையில் தள்ளு என்று எழுதிவிட்டேன், அன்றிலிருந்து ஒரு தொல்லையும் இல்லை. மேடம் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. “ஓட்டிப் பாத்தர்லாங்களா?” என்கிறார். ஓட்டலாம். ஓட்டட்டும். இதில் எனக்குப் பயமில்லை, என் பக்கத்துப் பெரியவர்கள் பெயரையெல்லாம் போட்டு ஓட்டியிருக்கிறேன், நாச்சிமுத்து, பழனாத்தாள், செல்லாத்தாள், வேலுச்சாமி, ழ வருகிற பெயர், ள வருகிற பெயர், ற ன எதையும் விடவில்லை. மேடம் அடிக்கிறார். வளர்மதி. வள்ளி. பழனி. மனோன்மணி. கல்யாணி. வேகமாக அடிக்கிறார், கெட்டிக்காரி, சரியாக மாட்டுகிற இடமாகப் பார்த்து அடிக்கிறார். கடைசியாக ஒன்று அடித்து என்டரைத் தட்டினார். கல்யாணி வந்தது. பழனி வந்தது. மனோன்மணி, வளர்மதி... இல்லை இல்லை, வள்ளிதான் முதலில், புள்ளி முதலில், ஆமாம், வள்ளிதான் முதலில் வந்திருக்கிறது, அப்புறம்தான் வளர்மதி. அப்பாடா. எல்லாம் வந்துவிட்டது. மேடம் திரையையே பார்க்கிறார். நானும் பார்க்கிறேன். ஒன்று குறைகிறதே.

ஒன்று குறைகிறது. அவர் கடைசியாக அடித்தது எது? மேலே பார்க்கிறேன். ஹசீனா. மேடம் தன் பெயரை அடித்திருக்கிறார். ஹ. காதுக்குள் கும்மென்றது. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம், இருநூற்றுப் பதினாறு உயிர்மெய், ஆக இருநூற்று நாற்பத்தேழு என்று மூன்றாம் வகுப்பில் தலையில் குட்டிக் குட்டி ஏற்றியது அப்படியே இறங்கி என் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு மேல் ஓர் எழுத்து இல்லை. ஜ இல்லை, ஷ இல்லை, ஸ இல்லை, ஹ இல்லை. தினமும் எழுதுகிற எழுத்து. பஸ்ஸில் வந்தேன், அந்தப் பஸ்ஸிலேயே ஸ இருக்கிறது. சின்ன மாமனார் மகன் பெயரே ரமேஷ், அவனைக்கூட எனக்கு நினைவு வரவில்லை. ழ-வையும் ள-வையும் பிடித்து ஆட்டிய ஆட்டத்தில், தமிழுக்கு வரிசை தெரியவில்லையே என்று கணினிமேல் பட்ட கோபத்தில், இவர்கள் யாரும் என் கண்ணில் படவே இல்லை. அப்படியானால் அந்தப் பெயர் எங்கே போயிருக்கும் என்று யோசிக்கும்போதே தெரிந்துவிட்டது, தெரிந்த அதே நொடியில் மேடமும் கண்டுபிடித்துவிட்டார். மவுஸை நகர்த்தித் திறக்கிறார். திறக்காதீங்க மேடம். திறந்துவிட்டார். குப்பை என்று கொட்டை எழுத்தில் தலைப்பு, அதற்குக் கீழே ஒரே ஒரு பெயர், ஹசீனா. என் நாற்காலியோடு தரைக்குள் போய்விட்டால் தேவலை. எழுந்து கும்பிடு போட்டுவிட்டு நேராகச் சிமென்ட் கடைக்கே போய்விடலாம், மச்சான் டீ வாங்கிக் கொடுப்பார். “மேடம், தெரியாமங்க, நெனைக்கவே இல்லீங்க” என்று என் வாய் ஏதோ சொல்கிறது. மேடம் திரையைப் பார்த்தபடியே இருக்கிறார். அப்புறம் அவர் தோள் குலுங்குகிறது. சிரிக்கிறார். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். “ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ்ல எம்பேரு எப்பவுங் கடைசியாத்தாங்க வரும். ஹ இல்லீங்களா. மிஸ்ஸு கூப்புடறதுக்குள்ள பாதி நாளு பெல்லடிச்சிரும். நீங்க கூப்புடவே இல்லீங்களே!” என்கிறார். சிரிப்பில் கோபமில்லை. கோபமில்லாததுதான் எனக்குச் சுருக்கென்றது.

ஆனாலும் ஓர் ஆச்சரியம், பயம் போய்விட்டது. எதற்குப் பயந்தேனோ அதைவிடப் பெரிதாகவே நடந்துவிட்டது, இனி நடக்க ஒன்றுமில்லை. நனைந்தபின் முக்காடு எதற்கு? “ஒரு நிமிசம் குடுங்க மேடம்” என்று கீபோர்டை என் பக்கம் இழுத்தேன், கேட்டுவிட்டுத்தான் இழுத்தேனா, தெரியவில்லை. எங்கே என்று தேடவில்லை. தேட என்ன இருக்கிறது, என் வீட்டு சுவிட்சு எங்கே என்று எனக்குத் தெரியாதா. நேராகப் பட்டியலுக்குப் போனேன், ன-வுக்கு அப்புறம் ஜ, ஷ, ஸ, ஹ என்று வரிசையாக வைத்தேன். அப்படியே கீழே இறங்கி அந்தக் குப்பை என்ற பெயரை அழித்துவிட்டு ‘தெரியாதவை’ என்று மாற்றினேன். இதை மேடம் பார்த்தார். ஓட்டினேன். கல்யாணி, பழனி, மனோன்மணி, வள்ளி, வளர்மதி, ஹசீனா. “வந்துட்டனுங்க” என்றார் மேடம், உள்ளேன் ஐயா சொல்லுகிற குரலில். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, ஏசிக் காற்று என்று நினைத்திருப்பார். அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. “இதுக்கு லைப்ரரி இருக்குதுன்னு தெரியுங்கள்ல? ஏன் போடலீங்க?” இத்தனை நேரம் ஒத்திகை பார்த்த பதில் ஒன்றும் வரவில்லை, உண்மைதான் வந்தது. “போட்டுப் பாத்தனுங்க, சரியாத்தான் வந்துச்சு. ஏன் சரின்னு தெரியலீங்க. தெரியாம நம்பி நம்பித்தான் ஒரு தடவை வேலையே போச்சுங்க.” “இப்பத் தெரிஞ்சுதுங்களா?” “ன வரைக்கும் தெரிஞ்சிருந்துதுங்க. இப்பத்தான் ஹ வரைக்கும்.” மேடம் நாற்காலியில் சாய்ந்தார். “அந்த லைப்ரரியும் ஆகாசத்துல இருந்து வந்துறலீங்க. உங்களாட்ட யாரோ ஒருத்தர் எதையோ விட்டிருப்பாங்க, என்னாட்ட இன்னொருத்தர் எம்பேரக் காணோமேன்னு சொல்லிருப்பாங்க, திருத்தித் திருத்தித்தான் அது நிக்குது. இனி நீங்க அதையே போடலாமுங்க. எங்க ஆபீஸ்ல அதைத்தான் போட்டாகணும். திங்கக்கெழம வந்து சேந்துக்கறீங்களா?”

சேர்ந்துக்கறனுங்க என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, இரண்டும் செய்தேன் போலிருக்கிறது. வேலை. வேலை கிடைத்துவிட்டது. பூங்கோதைக்குச் சொல்ல வேண்டும், மச்சானுக்கும் நானேதான் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளமாட்டார், வீட்டுக்கே வந்து மாலை போட்டாலும் போடுவார். என் வரிகள் எல்லாவற்றையும் மவுஸால் மொத்தமாகப் பிடித்தேன், திரை நீலமானது, அழித்தேன். ஒரு மாசத்து வேலை, ஒரு தட்டில் போனது. வலிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். வலிக்கவில்லை, முதுகிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தமாதிரிதான் இருந்தது. இனி ஒவ்வொரு புள்ளிக்கும் நான் ஒருத்தனே காவல் இருக்க வேண்டாம். யார் யாரோ இருக்கிறார்கள், பெயர் தெரியாதவர்கள், என்னைப்போலத் தப்புப் பண்ணித் திட்டு வாங்கித் திருத்தியவர்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். லைப்ரரியைக் கூப்பிடுகிற அந்த ஒரு வரியை அடித்தேன். அதே வரிதான், இந்தத் தடவை அழிக்கத் தோன்றவில்லை. ஓட்டிப் பார்க்கப் பெயர் வேண்டும், கை தானாக நாச்சிமுத்து என்று ஆரம்பித்தது. பாதியில் நிறுத்தி அழித்தேன். நாச்சிமுத்துவை வைத்து எத்தனை தரம்தான் பார்ப்பது. வேறு பெயர் யோசித்தேன், சட்டென்று ஒன்றும் வரவில்லை, நாற்பத்தாறு வருஷம் இந்த ஊர்ப் பக்கத்திலேயே இருந்துவிட்டு எனக்கு இவ்வளவு பெயர்தான் தெரியுமா? “மேடம், தப்பா நெனைக்காதீங்க, உங்க வீட்ல இருக்கறவங்க பேரச் சொல்லுங்களேன், அடிச்சுப் பாத்தர்லாம்” என்றேன். மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார், வந்ததிலிருந்து முதல் தடவையாகத் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “அத்தா பேரு ஷாகுல் ஹமீது” என்றார். அடித்தேன். “அம்மா ஜுலைகா. வீட்டுக்காரர் முஸ்தபா. தங்கச்சி ஷம்சாத்.” ஒவ்வொன்றாக அடித்தேன், ஷ எந்த விசையில் இருக்கிறது என்று இரண்டு தரம் தடவிவிட்டேன், மேடம் காட்டினார். “இன்னும் இருக்காங்களா மேடம்?” என்றேன். “நெறையப் பேரு இருக்கமுங்க” என்றார்.